நாற்பது பேர் கொள்ளும் அறை

எல்லையில் சண்டை மூண்டதும், பத்து வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பின் செயலர் கீழ்த்தளப் பதுங்கு அறைக்குப் பெயர்ப் பட்டியல் எழுதினார். நாற்பது பேர்தான் கொள்ளும். குடியிருப்பவர்களும் சரியாக நாற்பது பேர். வாட்ச்மேன், டிரைவர், வேலைக்காரப் பெண்கள் என்று பத்துப் பேரை ஒரே கோட்டில் அடித்தார்.

“ஏங்க, நம்ம வீட்டுல வேலை செய்யற அக்கா பகல் பூரா இங்கதானே இருக்காங்க. குண்டு விழுந்தா எங்க போவாங்க?” என்றாள் மனைவி.

“எங்கயாவது போகட்டும். அதுங்களுக்கு என்ன தெரியும்? உள்ள விட்டா கூச்சல்தான் மிச்சம்.”

மறுநாள் செயலர் வீட்டுக்கு வந்த குடிமைப் பாதுகாப்பு அதிகாரி பட்டியலைப் பார்த்து முகம் சுளித்தார்.

“நாங்க நடத்தின பதுங்கு அறைப் பயிற்சிக்கு வந்தவங்க ஒருத்தர்கூட இதுல இல்லையே. உள்ள காற்று வர்ற மோட்டாரை யார் ஓட்டுவாங்க? காயத்துக்கு யார் கட்டுப் போடுவாங்க?”

“வீட்டுக்கு ஒரு ஆள் அனுப்பினோமே சார்.”

“அனுப்பினீங்க. ஞாயித்துக்கிழமை தூக்கம் கெடுமேன்னு எல்லா வீட்டுலயும் வேலையாளை அனுப்பினீங்க. நீங்க அடிச்ச பத்துப் பேருக்குத்தான் எல்லாம் தெரியும். அவங்க உள்ள இல்லாம அறையைத் திறக்க விடமாட்டேன். வேற பத்துப் பேரை அடிங்க.”

செயலரின் பேனா நகரவில்லை. முதல் பெயரே அவருடையது.

தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தாள்.

“யாரையும் அடிக்க வேணாங்கய்யா. நாங்க பத்துப் பேரும் உள்ள கதவோரமா நெருக்கி நின்னுக்கறோம்.”