நாற்பத்தொன்றாம் பக்கத்து மதுக்கூடம்

“‘மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்தில், கீழே கையெழுத்திடும் நான் உறுதியாகத் தெரிவிப்பதாவது: மணிக்கூண்டுத் தெரு, முப்பத்தொன்பதாம் எண் கட்டடத்தின் முதல் மாடி எனக்குச் சொந்தமானது. அங்கே மதுக்கூடம் எதுவும் எந்நாளும் இருந்ததில்லை.’ அவ்வளவுதான் டாக்டரம்மா. இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா எங்க வயித்துல பாலை வார்த்த மாதிரி.”

பதிப்பாளர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். டாக்டரம்மா அதை வாங்கவில்லை. கைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு, பிரமாணப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து தாமே படிக்கத் தொடங்கினார்.

“இல்லாத மதுக்கூடத்தை எதுக்காகப் புத்தகத்துல போட்டீங்க?”

பதிப்பாளர் தம் மைத்துனனைப் பார்த்தார். நகரத்து பப்கள், பார்கள், லவுஞ்சுகள் அனைத்துக்கும் கையேடு தொகுத்தவன் அவன்தான்.

“அது எங்க தொழில் வழக்கம்மா,” என்றான் மைத்துனன். “ஒவ்வொரு பதிப்புலயும் கற்பனையா ஒரு இடத்தைச் சொருகி வைப்போம். எவனாவது நம்ம புத்தகத்தைப் பார்த்துக் காப்பி அடிச்சா, அதையும் சேர்த்து அடிப்பான். கையும் களவுமா மாட்டிக்குவான்.”

“அதுக்கு என் மாடிதான் கெடச்சுதா?”

“கீழேருந்து பார்த்தப்ப பூட்டு துருப்பிடிச்சுக் கெடந்தது. பலகையில ‘டாக்டர்’ங்கிற எழுத்து மட்டும்தான் மிச்சம். ஆளில்லாத இடம்னு நெனச்சுட்டேன்.”

“இவன் நெனைக்கிறதுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டே எனக்கு நரைச்சுப்போச்சும்மா,” என்றார் பதிப்பாளர். “இவன் அக்காவைக் கட்டின நாள்லேர்ந்து இதே பொழப்பு.”

“அத்தான், மாட்டினது எதிரியா, நாமளா? அதைச் சொல்லுங்க.”

மாட்டியது எதிரிப் பதிப்பாளர்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த இவர்களுடைய கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ‘அமைதி லவுஞ்ச்’ இருந்தது. சென்ற மாதம் வெளிவந்த எதிரியின் கையேட்டிலும் அதே பெயர், அதே முகவரி. வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் விசாரணை. வென்றால் எதிரியின் புத்தகம் கடைகளை விட்டு வெளியேறும். தோற்றால் இவர்களுக்கு அடுத்த பதிப்பே கிடையாது. எதிரியின் புத்தகம் இருக்கும்வரை இதை வாங்கி அடுக்க முடியாது என்று கடைக்காரர்கள் கைவிரித்துவிட்டனர்.

மைத்துனன் இரண்டு புத்தகங்களையும் மேசைமேல் விரித்து வைத்தான்.

“பாருங்க. குறுகலான படிக்கட்டு, சாயுற நாற்காலி, பாட்டுச் சத்தம் இல்லை. அத்தனையும் நான் எழுதினது. காப்பி தெரியக் கூடாதுன்னு சொந்தமா ரெண்டு பொய் வேற! மிதிச்சா நாற்காலி மேல ஏறுதாம். தலைக்கு நேரா வட்ட விளக்காம். புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமாம்மா?”

டாக்டரம்மா இவர்களுடைய புத்தகத்தைத் திருப்பி அட்டையைப் பார்த்தார்.

“‘நேரில் பார்க்காத எந்த இடத்தையும் நாங்கள் எழுதுவதில்லை’ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்களே. என் மாடியை ஒரு தடவையாவது ஏறிப் பார்த்தீங்களா?”

“இல்லாத இடத்துல ஏறிப் போய் எதைம்மா பாக்குறது?”

“நீங்க வரல. மத்தவங்க வந்தாங்க. அதே மாடியில பின்பக்க அறையிலதான் நான் குடியிருக்கேன். மொத வாரம் நாலு பேர். மூச்சு வாங்க ஏறி வந்து, புத்தகத்தைக் காட்டி, எங்க உட்கார்றதுன்னு கேட்டாங்க. அடுத்த வாரம் பதினோரு பேர். நாலு பேரைத் திருப்பி அனுப்பலாம். நாப்பது பேர் வந்து நின்னா? படிக்கட்டுக் கைப்பிடியே ஆடிப்போச்சு, மாத்தினேன்.”

“ஐயோ!” பதிப்பாளர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“இன்னொண்ணு. மூடுற நேரம் பத்துன்னு எழுதியிருக்கீங்க. நான் ஒன்பதரைக்கெல்லாம் படுக்கிறவ. பத்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்து கதவை இடிச்சா?”

“தப்புத்தாம்மா. கால்ல வேணாலும் விழறோம். கையெழுத்தை மட்டும் போட்டுடுங்க.”

“இதுல பொய் இருந்தா யார் ஜெயிலுக்குப் போவாங்க?”

“கையெழுத்துப் போட்டவங்க. ஆனா இதுல பொய்யே இல்லையேம்மா!”

டாக்டரம்மா பேனாவை வாங்கினார். மைத்துனன் பத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினான். அவர் மூடியைத் தேடி எடுத்து, பேனாவை மூடி, பத்திரத்தின்மேல் நேராக வைத்தார். பிறகு கைப்பையிலிருந்து அரசு முத்திரையிட்ட காகிதம் ஒன்றை எடுத்து அதன் அருகில் விரித்தார்.

“போன வருஷம் ஜூன் மாசம் வாங்கின பார் லைசென்ஸ். பேர் வைக்கிற சிரமம்கூட எனக்கு இல்ல, நீங்களே வச்சுட்டீங்க. முப்பது வருஷம் நான் பல் டாக்டர். அந்த மிதிக்கிற நாற்காலியும் வட்ட விளக்கும் என்னோடதுதான். அப்பல்லாம் வாயைத் திறங்கன்னு கெஞ்சுவேன், இப்ப ஒருத்தரும் மூடுறதே இல்ல. நீங்க எதிரிங்கிறீங்களே, அவர் ரெண்டு தடவை நேர்ல வந்து, ஏறி, சாஞ்சு பார்த்துட்டு நாலு நட்சத்திரம் போட்டார். நீங்க பார்க்காமலே மூணு போட்டீங்க. அதைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன்.”

வழக்கைத் திரும்பப் பெறுவதென்றும், வெள்ளிக்கிழமை நீதிமன்றத்துக்குப் பதிலாக இருவரும் அந்த மாடிக்குச் செல்வதென்றும், கடைகள் வாங்காத அடுத்த பதிப்பை டாக்டரம்மாவே தம் மதுக்கூடத்தில் வைத்து விற்பதென்றும், ஒன்பது மணிக்கெல்லாம் எல்லோரும் இறங்கிவிடுவதென்றும் அன்று முடிவாயிற்று.