மூடாத பத்தி

மென்பொருள் கையேட்டின் எச்டிஎம்எல்லில், பத்திகளைத் திறந்து மூடும் குறிகளான டேக்குகளில் திறந்துவிட்டு மூடாதவை உலகத்துக் கொசுக்களைவிட அதிகம். எல்லாம் அதை எழுதிய அவள் கணவரின் கைவரிசை. மனுஷன் போய்ச் சேர்ந்த பிறகும் அலுவலகமே அவற்றோடு மல்லுக்கட்டியது. அவள் எழுதிய ஸ்கிரிப்ட் நிரல் ஒரே மூச்சில் அத்தனையையும் மூடியது. கடைசிப் பத்தி மட்டும் மூட மூடத் திறந்துகொண்டது.

"அக்கா, அது ஒண்ணு சரியாகலைன்னா இன்னிக்குக் கையேடு வெளிய போகாது. மேனேஜர் நம்மளை வறுத்துடுவார்," என்றான் பக்கத்து இருக்கைக்காரன்.

"கையாலயே மூடிடறேன்டா."

மூடிச் சேமித்தாள். அவள் போட்ட டேக் அழிந்தது. பத்தியில் புதிதாக ஒரு வரி முளைத்தது: 'பொறும்மா, இன்னும் முடிக்கல.'

"மூடியாச்சாக்கா?"

"கையேடு நாளைக்குப் போகட்டும்டா," என்றவள், நாற்காலியைச் சற்றுத் தள்ளி இடம்விட்டாள். விசைப்பலகையின் விசைகள் தாமாக ஒவ்வொன்றாக அமுங்கின, அவர் வழக்கப்படி ஒற்றை விரலில்.