குலுக்காத குடுவை

நாத்தனாரைக் குற்றம் சொல்லுமுன் இரண்டு செய்திகளை அறிந்துகொள்ளுதல் நல்லது.

முதலாவது, உறவு. அண்ணியும் நாத்தனாரும் ஒரே ஆய்வகத்தில் பணிபுரிந்தார்கள். வீட்டில் அண்ணி மூத்தவள். ஆய்வகத்திலோ நாத்தனார் மூத்தவள்.

இரண்டாவது, பொடி. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களால் ஆன வெள்ளைப் பொடி அது. சாயக்கழிவு நீரில் போட்டுக் குலுக்கினால், அந்த அதிர்வில் துகள்தோறும் துளி மின்சாரம் பிறக்கும். அது சாயத்தைச் சிதைக்கும். குலுக்காவிட்டால் மின்சாரமும் இல்லை, ஒன்றும் இல்லை. கொள்கை அப்படித்தான் சொல்கிறது.

அண்ணியின் குடுவைகளில் சிவப்பு நீர் தவறாமல் தெளிந்துவந்தது. மறுநாள் பிற்பகல் வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்து, அவள் ஆய்வைத் தொடரலாமா, மூட்டை கட்டலாமா என்று முடிவு சொல்லவிருந்தார். அவருக்குக் காட்டவேண்டிய கடைசிக் குடுவையை அதிர்வுத் தொட்டியில் வைத்துவிட்டு, மாலையில் வீட்டுக்குப் போனாள்.

காலையில் வந்தபோது தொட்டி அசையவில்லை. பிளக் பிடுங்கப்பட்டிருந்தது.

"அண்ணே, இதை யார் பிடுங்கினது?"

ஆய்வக உதவியாளர் சன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உங்க நாத்தனார்தாம்மா. நேத்து நீங்க கிளம்பினதும் பிடுங்கினாங்க. ஏன்னு கேட்டேன். 'நான் பாத்துக்கறேன்'னாங்க. குடும்ப விஷயம்னு ஒதுங்கிட்டேன்."

அண்ணி கணவனை அலைபேசியில் அழைத்தாள்.

"உங்க தங்கச்சி என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டா."

"நான் மீட்டிங்ல இருக்கேன்."

"இப்பதானே வீட்டை விட்டுக் கிளம்பினீங்க?"

"போய்க்கிட்டே மீட்டிங்ல இருக்கேன்."

இனி இவரை நம்பிப் பயனில்லை என்று, ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியையிடம் நேரே போனாள்.

"அவ செஞ்சு கொடுத்த பொடியில எனக்கு நல்ல முடிவு வருதுன்னு அவளுக்கு வயித்தெரிச்சல், மேடம். மத்தியானம் நிபுணர் வராரு. இப்பப் பாத்துக் காலை வாரி விட்டுட்டா."

பேராசிரியை ஆள் அனுப்பினார். நாத்தனார் தேநீர்க் கோப்பையும் கையுமாக வந்தாள்.

"நீயா பிடுங்கினே?"

"ஆமா மேடம்."

"பாத்தீங்களா? மழுப்பக்கூட இல்ல," என்றாள் அண்ணி.

"குடுவையைப் பாத்தீங்களா அண்ணி?"

"என்னத்தப் பாக்கறது? குலுக்காத குடுவையில சிவப்புத் தண்ணிதான் இருக்கும்."

"ஒரு தடவை பாத்துடுங்களேன்."

மூவரும் போய்ப் பார்த்தார்கள். நீர் தெளிந்திருந்தது. அடியில் படிந்திருந்த பொடி மட்டும் செங்கல் தூளாகச் சிவந்திருந்தது.

"தெளிஞ்சிடுச்சே," என்று அண்ணி மூச்சு விட்டாள். பிறகுதான் பேராசிரியையின் முகத்தைக் கவனித்தாள்.

"குலுக்காமலே தெளிஞ்சிருக்கும்மா. அப்போ சாயம் சிதையல. பொடி உறிஞ்சி வச்சிருக்கு. குப்பையைக் கூட்டிக் கட்டிலுக்கடியில தள்ளின மாதிரி. இத்தனை நாள்ல குலுக்காம ஒண்ணு வச்சுப் பாக்கவே இல்லையா?"

"இல்ல மேடம். பொடியை வடிகட்டித் தூக்கிப் போட்டுடுவேன். தண்ணியைத்தான் பாத்தேன்."

"நிபுணர் முதல்ல கேக்கப்போறதே இதைத்தான் அண்ணி," என்றாள் நாத்தனார்.

"அதை நீ வாயால சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? நாத்தனார் குத்தம் கண்டுபிடிக்கறான்னு அண்ணன்கிட்ட போயிருப்பீங்க."

"போயி மட்டும் என்ன ஆகப்போகுது," என்று அண்ணி முணுமுணுத்தாள்.

இனி, பின்னர் உறுதியானவை.

நிபுணர் அந்தக் கேள்வியையே முதலில் கேட்டார். அண்ணி சிவந்த பொடியை மேசைமேல் வைத்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஆய்வுக்கு மேலும் ஓராண்டு கிடைத்தது.

செய்முறையை மாற்றிப் புதிதாகச் செய்த பொடி, குலுக்கினால் மட்டுமே நீரைத் தெளிவாக்குகிறது. வடிகட்டிய பிறகும் வெள்ளையாகவே இருக்கிறது.

பழைய பொடி சாயத்தைச் சிதைக்கிறது என்று நாத்தனார் எழுதிய கட்டுரை ஓர் இதழில் அச்சேறவிருந்தது. அதை வைத்தே அவளுக்கு வேறோர் ஆய்வகத்தில் வேலையும் உறுதியாகியிருந்தது. நிபுணர் வந்த அன்று காலை, தெளிந்த குடுவையைப் பார்த்துவிட்டு, அண்ணி வந்து சேருமுன்பே, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இதழுக்கும், காரணத்தைச் சொல்லி அந்த ஆய்வகத்துக்கும் அவள் எழுதி அனுப்பியிருந்தாள்.