கவுண்டரின் கம்பளி

உரிமமின்றித் துப்பாக்கியை மறைத்துச் செல்வது சமஸ்தானத்தில் சிறைக்குரிய குற்றமாகும். ஆயினும், கொழிஞ்சாம்பாறை நஞ்சப்பக் கவுண்டர் கம்பளிக்குள் நீளமாக எதையோ மறைத்தவாறே, விளைந்த கடலைக் காட்டைக் காவல் காத்தார். திருடர் எவரும் நெருங்கவில்லை.

செய்தியறிந்த போலீஸ் ஏட்டு காட்டிற்கே வந்தார்.

“கம்பளிய எடும், கவுண்டரே! துப்பாக்கி வச்சிருக்கீராமே?”

“இங்க வேண்டாமுங்க, ஏட்டய்யா. நாலு பேரு பாக்கறாங்க. டேசனுக்கே கூட்டிட்டுப் போங்க.”

வழியில் சந்தை முழுவதும் வேடிக்கை பார்க்க, ஏட்டு பெருமிதத்துடன் அவரை அழைத்துச் சென்றார். நிலையத்தில் கம்பளியை விலக்கினார். உள்ளே உலக்கை இருந்தது.

“இதை அங்கயே காட்டியிருந்தா விட்டிருப்பேனேய்யா!”

“காட்டியிருந்தா இன்னைக்கு ராத்திரியே கடலையெல்லாம் களவு போயிருமுங்களே! வெளிய கேக்கறவங்ககிட்ட, துப்பாக்கிக்கு லைசென்சு இருக்குதுன்னு மட்டும் சொல்லிருங்க.”