இடது கைக் கையெழுத்து

மலேசியாவின் பிறை நகரில், தொழிற்சாலை ஒன்றின் விசாரணை அறையில் ஏர்கான் குளிர்காற்றோடு இரைகிறது. சன்னல் திரையின் இடுக்கில் நுழையும் காலை வெயில், காமினியின் வலது கைக்கட்டின் மேல் கோடு கோடாக விழுந்திருக்கிறது. போன வாரம் பிரஸ் மிஷின் அவளுடைய இரண்டு விரல்களைத் துண்டித்துவிட்டது. வேலை வேகமாக நடக்க, மிஷினின் பாதுகாப்புக் கதவைக் கழற்றச் சொன்னவர் சூப்பர்வைசர் லோகேஸ்வரன். பக்கத்து மிஷினில் நின்ற நவமணி அதைக் காதாரக் கேட்டவள். என்ன நடந்தது என்று, சாட்சியாக வந்து உட்கார்ந்திருக்கும் அவளிடம் மேலாளர் மலாயில் கேட்கிறார். "சொல்லுங்கக்கா, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க," என்கிறாள் காமினி. லோகேஸ்வரன் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறார். அடுத்த மாத லைன் லீடர் பதவி உயர்வுக்கு நவமணியின் பெயரைக் கொடுத்திருப்பவர் அவர்தான். நவமணி மேசையைப் பார்த்தபடி, "நான் கவனிக்கலம்மா, என் வேலைய பாத்துக்கிட்டு இருந்தேன்," என்கிறாள். காமினி அவளையே பார்க்கிறாள். கண்ணில் கோபமில்லை. "உன் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு. சைன் பண்ணாத்தான் திரும்ப வேலைக்கு எடுப்பாங்க லா," என்று லோகேஸ்வரன் அறிக்கைத் தாளைக் காமினியின் பக்கம் நகர்த்துகிறார். காமினி இடது கையில் பேனாவைப் பிடிக்கிறாள். முதல் எழுத்திலேயே தாள் நழுவுகிறது. "அக்கா, கொஞ்சம் புடிச்சுக்குங்க." நவமணி எழுந்து வந்து, இரண்டு கைகளாலும் தாளை அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள்.