கரடி நெஞ்சில் பச்சை விளக்கு

பொழுதுபோக்குப் பூங்காவின் ஊழியர்கள் அத்தனை பேர் நெஞ்சிலும் ஒரு விளக்கு வில்லை இருந்தது. உள்ளபடியே சந்தோஷப்பட்டால் அது பச்சையாக எரியும். சும்மா பல்லைக் காட்டினால் சிவப்பு. இன்று இயக்குநர் பார்வையிட வருகிறார். சிவப்பைப் பார்த்தால் மேற்பார்வையாளர் தணிகாசலத்துக்கு வேலை போய்விடும்.

"சிரிங்கப்பா, மனசாரச் சிரிங்க!" என்று தணிகாசலம் கெஞ்சினார்.

"கரடித் தலைக்குள்ள வெந்துக்கிட்டிருக்கேன் சார். நான் சிரிச்சா யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் கரடி வேஷத்தில் இருந்த எபனேசர்.

"வில்லைக்குத் தெரியும்டா."

"அப்போ உங்களுது ஏன் சார் செவப்பா எரியுது?" என்றாள் ராட்டினம் ஓட்டும் சுலைகா.

தணிகாசலம் அவசரமாகக் கைக்குட்டையால் அதை மூடிக்கொண்டார்.

கோட்டும் டையுமாக வந்த இயக்குநர், பூங்காவின் நடுவில் இருந்த குளத்தின் ஈர விளிம்பில் ஏறி நின்றார். "ஆனந்தம் என்பது ஓர் ஒழுக்கம். ஏன், அது ஓர் உள்கட்டமைப்பு!" என்று கையை உயர்த்தியவர், வழுக்கித் தொபீரென்று தண்ணீரில் விழுந்தார்.

பூங்கா முழுக்கப் பச்சை. கரடி ஜொலித்தது. தணிகாசலத்தின் கைக்குட்டையைத் தாண்டியும் பச்சை அடித்தது.

தொலைந்தோம் என்று தணிகாசலம் கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பிடிக்க, சொட்டச் சொட்ட எழுந்த இயக்குநர் பச்சை வில்லைகளை எண்ணிக் காட்டும் மதிப்பெண் பலகையைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"இதுவரை இல்லாத உச்சம்! தணிகாசலம், உங்களுக்குப் பதவி உயர்வு."

"ரொம்ப நன்றிங்கய்யா!"

"கோட்டு தைக்க அளவு கொடுத்துடுங்க. நாளையிலேருந்து தினமும் நீங்கதான் விழணும்."

தணிகாசலத்தின் வில்லை சிவந்தது. மற்றவர்களுடையது இன்னும் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.