கீழ் டிராயர்

வெளிச்சத்தில்தான் உண்மை தெரியும் என்று யாரோ சொல்லிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பெரும்பிழை. வெளிச்சத்தில் எல்லாமே சுத்தமாகத்தான் தெரியும். உண்மை தெரிய வேண்டுமென்றால் விளக்கை அணைக்க வேண்டும். ஐயமுள்ளவர்கள் அந்தப் பல் மருத்துவமனையில் நடந்ததைக் கேட்கலாம்.

“இந்த மருந்துத் தண்ணி என் கையைத் தின்னுது டாக்டர். க்ளவுஸ் போட்டாலும் தோல் உரியுது,” என்றாள் சிஸ்டர்.

மருந்துக் கம்பெனி ரெப், கிருமி துடைக்கும் ஈரத்தாள்கள் நிறைந்த புதிய வைப்ஸ் பெட்டியை மேஜையில் வைத்தார். “இது கைக்கு இதம் சார். கிருமிக்குத்தான் எமன்.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றார் டாக்டர், மீசையை நீவியபடி. “துடைக்கிற கை ஒழுங்கா இருந்தா எந்தத் தண்ணியும் போதும். பொருள்ல ஒண்ணுமில்ல. ஒழுக்கத்துல இருக்கு.”

“அப்போ சோதிச்சுப் பாத்துடலாம் சார்.” ரெப் பைக்குள்ளிருந்து ஒரு குட்டிக் குழாயை எடுத்தார். “இந்தக் களிம்பு கண்ணுக்குத் தெரியாது. இருட்டுல இந்த டார்ச்சை அடிச்சா பச்சையா மின்னும். எது துடைச்ச இடம், எது துடைச்ச மாதிரி நடிச்ச இடம்னு தெரிஞ்சிடும். பயம் வேண்டாம், வாய்க்குள்ள போனாலும் ஒண்ணும் ஆகாது.”

டாக்டரின் கண் இப்போதே மின்னியது. “சிஸ்டர், இன்னிக்குப் புது வைப்ஸ்லயே துடைங்க. சாயங்காலம் ஒரே ஒரு இடம் மின்னினாலும் நாளையிலேருந்து பழைய தண்ணிதான். சம்மதமா?”

சிஸ்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். “சம்மதம் டாக்டர்.”

அவளை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் க்ளவுஸ் போட்ட விரலால் களிம்பைத் தடவினார். விளக்கின் கைப்பிடி, நாற்காலியின் பட்டன், டிரேயின் ஓரம். திருடன் தடயம் அழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இவர் தடயம் வைத்தார்.

போகிற போக்கில் ரெப் ஒரு மிட்டாயை நீட்டினார். ரிசப்ஷனில் இருந்த டாக்டரின் மனைவி குறுக்கே கை நீட்டித் தடுத்தார்.

“அவருக்கு வேண்டாங்க. தன் கடைவாய்ப் பல்லையே சொத்தையாக்கிட்டு, ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டிருந்தாரு. இப்போ என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணி மிட்டாயையே விட்டுட்டாரு.”

“அடியோட விட்டாச்சு,” என்றார் டாக்டர் கம்பீரமாக.

மாலை, கடைசி நோயாளியும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனபின் ரெப் திரும்ப வந்தார். திரைச்சீலையை இழுத்து விளக்கை அணைத்தார்கள். டாக்டரின் மனைவியும் வேடிக்கை பார்க்க வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் வாசலில் நின்றார்.

“நீங்களே அடிங்க சிஸ்டர். அப்புறம் நான் ஓரவஞ்சனை பண்ணிட்டேன்னு சொல்லக் கூடாது.”

சிஸ்டர் டார்ச்சை அடித்தாள். விளக்கின் கைப்பிடி இருட்டு. நாற்காலியின் பட்டன் இருட்டு. டிரேயின் ஓரம் கும்மிருட்டு.

ரெப் ஆர்டர் புத்தகத்துக்காகப் பையைத் துழாவினார்.

“அவசரப்படாதீங்க! அங்க என்ன?” என்றார் டாக்டர்.

அலமாரியின் கீழ் டிராயர். அதன் கைப்பிடி பச்சைப்பசேலென்று மின்னியது.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” டாக்டர் குதிக்காத குறை.

“அந்த டிராயர்ல என்னங்க இருக்கு?” என்றார் மனைவி.

டார்ச் மெல்ல மேலே எழுந்தது. ஒரு கணம் டாக்டரின் முகத்தில் பட்டது. உடனே அணைந்தது.

“சார், அங்க நீங்க...” என்று தொடங்கிய ரெப், “அம்மா!” என்று முடித்தார். இருட்டில் அவர் காலை யாரோ மிதித்திருந்தார்கள்.

“பழைய எக்ஸ்ரே ஃபிலிம்தான் மேடம்,” என்றது சிஸ்டரின் குரல். “டிராயரைத் துடைக்க விட்டுட்டேன் டாக்டர். என் தப்புதான்.”

விளக்கைப் போட்டதும் டாக்டர் பொறுப்பைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினார். நடுவில் முகத்தைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு வேகம். ரெப் வைப்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடி போனார். சிஸ்டர் பழைய மருந்துத் தண்ணி பாட்டிலை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

வெற்றிக் களிப்பில் டாக்டர் சீட்டியடித்தார். ரெப் டார்ச்சை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். கையில் டார்ச் கிடைத்தால் எந்த ஆணும் சும்மா இருப்பதில்லை. டாக்டர் விளக்கை அணைத்து, வாஷ்பேசின் கண்ணாடியைப் பார்த்து அடித்தார்.

கண்ணாடிக்குள் ஒரு மீசை, மின்மினிக் கூட்டம் மாதிரி மின்னியது. பக்கத்திலேயே, கீழே இறக்கிவிட்ட மாஸ்க்கில் இரண்டு விரல் தடங்கள்.

சீட்டி நின்றது.

அவர் போய்க் கீழ் டிராயரைத் திறந்தார். எக்ஸ்ரே எதுவும் இல்லை. மிட்டாய் டப்பா இருந்தது. அதன் மூடி, கழற்றாத க்ளவுஸ் விரல்கள் பட்ட இடமெல்லாம், பச்சையாக ஜொலித்தது.

விளக்கின் கைப்பிடி, நாற்காலியின் பட்டன், டிரேயின் ஓரம். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். டிராயரில் அவர் களிம்பு தடவவே இல்லை.

மறுநாள் காலை புதிய வைப்ஸ் பெட்டிகள் வந்து இறங்கின. டாக்டர் மீசையை எடுத்திருந்தார்.